வீட்டில் எல்லோரும் ஆட்டோமேட்டிக் கேட்கிறார்கள்: வேலூரில் மேனுவலோடு குடித்தனம் நடத்துபவர்கள் வாருங்கள்

ஐந்தாம்கியர் | காட்பாடி

வணக்கம். எங்களிடம் இருப்பது 2012 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். ஐந்து கியர், மேனுவல். 2027-இல் ஆர்.சி.க்குப் 15 வருடம் முடிகிறது. அதைச் சாக்காக வைத்து வீட்டில் புது கார் பேச்சு தொடங்கிவிட்டது. மனைவிக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். மகளுக்கும் அதேதான், அவள் இன்னும் எல்.எல்.ஆர். கூடப் போடவில்லை, அதற்குள் கருத்து இருக்கிறது. எட்டாவது படிக்கும் மகனுக்கு சன்ரூஃப் இருந்தால் போதும், கியரைப் பற்றிக் கவலையில்லை. அம்மாவின் ஒரே நிபந்தனை, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. ஆக, மேனுவல் கட்சியில் நான் ஒருவன்தான்.

என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏலகிரிக்குப் பொன்னேரியில் திரும்பி ஏறத் தொடங்கினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி இன்ஜின் வேகத்தைச் சமன்செய்து கிளட்சை விட்டால், வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் உள்ளே போகும். வெளியே வரும்போது 3000 ஆர்.பி.எம்.மைத் தாண்டி இழுக்கும். இது சரியாக அமைந்த நாளில் மேலே போய்ச் சாப்பிடும் பலாச்சுளைகூடக் கூடுதலாக இனிக்கிறது. எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. கிரிக்கெட் பார்ப்பதில்லை, சீட்டு ஆடுவதில்லை.

கேள்வி இதுதான். ஸ்கூல், ஆபீஸ், ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று எல்லாவற்றுக்கும் மேனுவலையே வைத்துக்கொண்டு நம் ஊரில் சமாளிப்பவர்கள் இருக்கிறீர்களா? சென்னைக்காரர்களும் பெங்களூருக்காரர்களும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அங்கே வண்டி நகராது. இங்கே நகரும், ஆனால் யார் எந்தப் பக்கமிருந்து நுழைவார்கள் என்று சொல்ல முடியாது.

ஆர்பிஎம்3000 | ராணிப்பேட்டை

அண்ணே, விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

போளூர் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டீர்கள் என்று வையுங்கள். எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. மேனுவல்காரன் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிட்டுத்தான் தலையையே வெளியே நீட்டுவான். வண்டி ஏற்கெனவே தயாராக இருக்கும். ஏ.எம்.டி. வகை ஆட்டோமேட்டிக்கில் நாம் மிதித்த பிறகுதான் அது யோசிக்கவே தொடங்குகிறது. எதிரே பஸ் வரும்போது அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். (பைபாஸில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது புரியாது. வாலாஜா டோல்கேட்டில் ஐந்தாவதைப் போட்டால் பள்ளிகொண்டா டோல்கேட் வரை கியர் ராடைத் தொட வேண்டிய வேலையே பெரும்பாலும் இல்லை. அங்கே எல்லா வண்டியும் ஆட்டோமேட்டிக்தான்.)

கிளட்ச்தான் வீட்டில் பிரச்சினை என்றால் ஐ.எம்.டி. இருக்கிறது. 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது. கியர் ராடு உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. கியரை நாம் போடலாம், இடது கால் சும்மா இருக்கும். அதைக் காட்டி சமரசம் பேசிப் பாருங்கள்.

சேண்பாக்கம்

ஐ.எம்.டி. என்றால் கட்சி மாறாமல் கூட்டணி மட்டும் வைக்கிற மாதிரியா?

கிரீஸ்கை | சத்துவாச்சாரி

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டி விற்பதில்லை, அதனால் இரண்டு கட்சிக்கும் பொது.

ஏ.எம்.டி.யைத் தனிப் பிறவி போலப் பேசுகிறீர்கள். அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். நம் காலும் கையும் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டர் சொல்லி ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோ வந்தபோதுதான் இது சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது. மேனுவலைவிட ஏறக்குறைய 50,000 ரூபாய் கூடுதல். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளுக்குப் போனால் வித்தியாசம் லட்சத்தைத் தாண்டும். டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. கிளம்பும்போது தேய்வதற்குப் பிளேட் இல்லை. ஏ.எம்.டி.யில் உண்டு. ஏ.எம்.டி. வாங்கினால் கிளட்ச் செலவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. என்னிடம் கிளட்ச் கருகி வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை மலைப் பக்கமே போகாதவை. டவுனுக்குள் ஓடுபவை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது வரிசை நின்றால் ஹேண்ட் பிரேக் போட மாட்டார்கள். கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பார்கள். பிளேட் நழுவிக்கொண்டே தேயும், சூடாகும், கருகல் வாடை வரும், வாடை பக்கத்து லாரியிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். அப்புறம் இடது காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விலக்குகிற ரிலீஸ் பேரிங் முதலில் போகும்.

சின்ன பெட்ரோல் வண்டிக்கு கிளட்ச் செட் மாற்ற, கூலியோடு ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை வரும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்கிற இரட்டைச் சக்கரம்) உள்ள டீசல் என்றால் கணக்கே வேறு. அதை இங்கே சொல்லி யாருடைய தூக்கத்தையும் கெடுக்க விரும்பவில்லை.

குடியாத்தம்காரி

ஐந்தாம்கியர் சார், வார நாட்களில் இந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? பதிவு முழுக்க ஏலகிரி இருக்கிறது. மனைவி எங்கே போகிறார், எந்த வழியில் போகிறார் என்பது ஒரு வரிகூட இல்லை.

நான் தினமும் குடியாத்தத்திலிருந்து கே.வி.குப்பம், லத்தேரி வழியாக வேலூருக்கு வேலைக்கு வருகிறேன். மேனுவல்தான். எனக்கு அது பிடிக்கும், மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் பிடிக்கும் இடத்துக்கு வருவதற்குள் பட்ட பாடு சாதாரணமில்லை. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து சீட்டில் தனக்கென்று இருந்த பெடல்களில் கிளட்சையும் பிரேக்கையும் அவரே மிதித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே என் காலுக்குத் தெரிந்தது. அப்புறம் என் தம்பி ஒரு காலி மைதானத்தில் ஆக்சிலேட்டரைத் தொடவே விடாமல், கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்தச் சொன்னான். வண்டி தானாக ஊர்ந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் போனது. எந்த இடத்தில் கிளட்ச் பிடிக்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

பெண்களுக்கு ஆட்டோமேட்டிக், ஆண்களுக்கு மேனுவல் என்று இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே சமயம், யார் எந்த ரோட்டில் ஓட்டுகிறார்கள் என்று கேட்காமல் எந்த கியர் நல்லது என்று பேசுவதில் அர்த்தமும் இல்லை.

ஐந்தாம்கியர் | காட்பாடி

நியாயமான கேள்வி மேடம். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. கம்பெனி பஸ் காந்தி நகரிலேயே ஏற்றிக்கொள்ளும். வார நாட்களில் கார் அவளிடம்தான். மகனை ஸ்கூலில் விட்டுவிட்டு பாகாயம் போக வேண்டும். சித்தூர் பஸ் ஸ்டாண்ட், மேம்பாலம், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், பழைய பஸ் ஸ்டாண்ட், தொரப்பாடி, பாகாயம். சாயங்காலம் அதே வழி திரும்பி.

சேண்பாக்கம்

அப்போ நீங்க சண்டே மேனுவல் சார்.

பாலாற்றுமணல் | வாணியம்பாடி

ஹா ஹா. வழியைப் படித்ததிலேயே என் முட்டி வலிக்கிறது. கிரீன் சர்க்கிளில் மட்டும் எத்தனை தடவை முதல் கியர், இரண்டாவது கியர், நியூட்ரல் என்று போக வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெங்களூர் பைபாஸிலிருந்து இறங்கும் வண்டி ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிற பஸ் ஒரு பக்கம், நடுவில் ஷேர் ஆட்டோ. இதில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டிய வெயில், ஏசி முழு வேகத்தில். சின்ன இன்ஜின் ஏசி சுமையோடு ஊர்ந்தால், கிளட்சை அரை அங்குலம் அவசரமாக விட்டாலும் ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆனால் பின்னாலிருந்து வரும் ஹாரன் நம் வீட்டு முன்னோர்களையெல்லாம் விசாரிக்கும்.

ஆர்பிஎம்3000 | ராணிப்பேட்டை

டிராபிக்குக்கு ஆட்டோமேட்டிக் சுகம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் வண்டியை விரும்பி ஓட்டுபவர். அந்த சந்தோஷத்தைத் தியாகம் பண்ணச் சொல்வது எப்படி நியாயம்? இனி எல்லாம் பேட்டரி வண்டிதான், அதில் மாற்ற கியரே கிடையாது. பனப்பாக்கத்தில் டாடாவின் புது கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்; நம் மாவட்டத்திலேயே ஜாகுவார் லேண்ட் ரோவர் செய்வதற்கு. அதிலெல்லாம் கிளட்ச் பெடலைத் தேடினாலும் கிடைக்காது. இன்னும் கொஞ்ச காலம் இருப்பதை அனுபவிக்க விடுங்களேன்.

பழைய_டாக்ஸி | காட்பாடி

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சொல்ல இருக்கிறது.

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் ஓட்டியவன் நான். கியர் ராடு ஸ்டியரிங்கிலேயே இருக்கும். பழைய அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே பொருத்துகிற அமைப்பு, கிடையாது. வண்டி முழுக்க நிற்காமல் முதல் கியரைத் தள்ளினால் பல்லைக் கடிக்கிற சத்தம் வரும். ஓட்டத்திலேயே போட வேண்டுமானால் கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்போம். இன்றைய வண்டியில் எல்லா முன் கியருக்கும் சிங்க்ரோ இருக்கிறது, அந்த வித்தை தேவையே இல்லை. ஐந்தாம்கியர் தம்பி வளைவில் ஆக்சிலேட்டரைத் தட்டுகிறாரே, அது அதனுடைய பேரப்பிள்ளை.

ஸ்டேஷனில் இறங்குகிற சவாரியில் பாதி சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத்தான். கல்கத்தாவிலிருந்து வருவார்கள், ஆந்திராவிலிருந்து வருவார்கள். கொண்டுபோய் விடுவது சுலபம். ஆபரேஷன் முடிந்து திரும்ப ஸ்டேஷனுக்கு ஏற்றி வருவதுதான் வேலை. வயிற்றில் தையலோடு பின் சீட்டில் படுத்திருப்பவரை வைத்துக்கொண்டு கியர் மாற்றுவது இடுப்பில் நிறைகுடத்தோடு படி இறங்குகிற மாதிரி. அன்றைக்கு எங்கள் முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: கண்ணாடியில் பார், பின்னாலிருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடுகிறதா? ஆடினால் உனக்கு ஓட்டத் தெரியவில்லை. மாற்றும் வேகம் முக்கியமில்லை. கிளட்சை விடும்போது இன்ஜின் வேகமும் சக்கரத்தின் வேகமும் பொருந்தியிருக்க வேண்டும், அப்போது தலை ஆடாது. திருப்பதி சவாரியில் தூங்குகிற குழந்தை மலை மேல் போய்த்தான் விழிக்க வேண்டும்.

தம்பி, நீங்கள் ஏலகிரியில் வளைவு எடுக்கும்போது உங்கள் அம்மாவின் தலை ஆடுகிறதா என்று பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், நான் இப்போது ஓட்டுவது ஆட்டோமேட்டிக். முட்டி தேய்ந்துவிட்டது. வாங்கிய முதல் வாரம் இடது கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்துவிடும், வண்டி குத்திக்கொண்டு நிற்கும், என் வீட்டம்மா டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்வாள். பழகிவிட்டது. ஏக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. அத்தனை வருடம் மிதித்தது போதும்.

குடியாத்தம்காரி

ஐயா, இந்தத் தலை ஆடுகிற பரீட்சையை இன்றைக்கே வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறேன். என் மாமியார் நல்ல பரிசோதனை ஆள், பின் சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

ஆர்பிஎம்3000 | ராணிப்பேட்டை

ஐயா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மலை இறக்கத்தில்? ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் பிரேக்கிங் கிடைக்காதே. குடும்பத்தோடு போகும்போது அதுதானே பாதுகாப்பு?

கிரீஸ்கை | சத்துவாச்சாரி

கிடைக்கும். ஏ.எம்.டி.யில் லீவரை ஒரு பக்கம் தள்ளினால் மேனுவல் மோடு; பிளஸ், மைனஸ் என்று நாமே கியரைப் பிடித்துவைக்கலாம். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் எல் அல்லது எஸ் என்று ஏதோ ஒன்று இருக்கும். வாங்குபவர்களில் பாதிப் பேர் டி-யைத் தவிர வேறு எழுத்தைத் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

லாரிக்காரர்கள் சொல்வதுதான் சட்டம்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க் சூடாகி, பிரேக் ஆயில் கொதிக்கிற நிலைக்கு வந்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் செலுத்துவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஆஃப் ஆகாமலிருக்க அது பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். ஆக, மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

பாலாற்றுமணல் | வாணியம்பாடி

இதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொன்னேரிக்கு வந்து ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் அண்ணே. மலையடிவாரத்தில் சக்கரத்திலிருந்து புகை வர நிற்கிற வண்டிகளில் மேனுவலும் உண்டு, ஆட்டோமேட்டிக்கும் உண்டு. கியர் இருந்தும் போடாதவனுக்கு எந்த வண்டி என்ன செய்யும்? குறுகிய வளைவில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகளில் எழுத்திலேயே இருக்கிறது. இங்கே இறங்குபவர்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறுபவர்களை ஒதுங்கச் சொல்கிறார்கள். ஏறுகிறவன் மேனுவல்காரனாக இருந்தால் அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு மறுபடி கிளம்ப வேண்டும், பின்னால் வேன் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

குடியாத்தம்காரி

சார், மலையிலிருந்து கொஞ்சம் கீழே வருவோம். உங்கள் மனைவிக்கு இப்போதைய வண்டியில் எது பிடிக்கவில்லை என்று குறிப்பாகக் கேட்டீர்களா? 'ஆட்டோமேட்டிக் வேண்டும்' என்பது முடிவு. அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கும்.

ஐந்தாம்கியர் | காட்பாடி

கேட்டேன். டிராபிக், கால் வலி என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் ஆரம்பித்தது சீட்டில்.

அவள் உயரம் குறைவு. கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டுமானால் சீட்டை நன்றாக முன்னால் இழுக்க வேண்டும். அப்போது ஸ்டியரிங் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் பின்னால் தள்ளினால் நுனிக்காலால்தான் மிதிக்க முடிகிறது. நான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும்போது சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, கண்ணாடிகளையும் திருப்பி வைத்துவிடுகிறேன். திங்கட்கிழமை காலை மகனுக்கு நேரமாகிற அவசரத்தில் இதையெல்லாம் மறுபடி சரிசெய்வது அவள் வேலை. "ஏங்க, அந்த ஒரு நாளுக்காக ஆறு நாள் நான் சீட்டோட சண்டை போடணுமா" என்றாள்.

இரண்டாவது, மேம்பாலம். டவுன் பஸ் பின்னால் ஒட்டி நிற்கும்போது வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஹாஃப் கிளட்சிலேயே பிடித்துவைக்கிறாளாம். கிரீஸ்கை அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவரை வந்து அந்த இடத்துல ஹேண்ட் பிரேக் போட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்கிறாள்.

கிளட்ச் பெடலும் முன்பைவிட இறுக்கமாக இருக்கிறதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கிரீஸ்கை | சத்துவாச்சாரி

உங்களுக்குத் தெரியாது, வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறீர்கள். அவர் சொல்வது சரி. கிளட்ச் பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் நிற்கும் கோணம் மாறும். பெடல் கனமாகிக்கொண்டே போகும். கேபிள் வகையானால் கேபிள் உள்ளே காய்ந்து இழுப்பது இன்னொரு காரணம். மெதுவாக நடப்பதால் பலருக்கு உறைப்பதில்லை. புது செட் போட்டதும் பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்பார்கள். உண்மையில் அது கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைதான்.

மேம்பாலத்துக்கு வருகிறேன், சொன்னதாகச் சொல்லுங்கள். எழுத்திலும் சொல்லிவிடுகிறேன்: ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள். முதல் கியர். பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்துவிடலாம், வண்டி எங்கும் போகாது. லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் தாழும், பானெட் துளி மேலே எழும். அங்கேயே காலை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி முன்னால்தான் போகும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டில் கொஞ்ச நேரம் பழகினால் பஸ் பயம் போய்விடும்.

இன்னொரு தகவல், இப்போது வரும் பல மேனுவல் வண்டிகளிலும் ஹில் ஹோல்டு இருக்கிறது. பிரேக்கை விட்ட பிறகும் இரண்டு நொடி போல வண்டியைப் பிடித்துவைக்கும். சீட்டை உயர்த்தி இறக்கும் வசதியும், ஸ்டியரிங்கை முன்பின் நகர்த்தும் வசதியும் எந்த வேரியண்டில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டும் அசைந்தால் அவருக்குப் பயனில்லை, முன்பின் வர வேண்டும். உட்கார்ந்து கிளட்சைத் தரை வரை மிதித்தபோது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், அதுதான் அளவு. சன்ரூஃபுக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம். (உங்கள் பையன் என்னைத் திட்டுவான்.)

பழைய_டாக்ஸி | காட்பாடி

டிரைவர் பக்கம் தரையில் தண்ணீர் பாட்டில் போடாதீர்கள். பெடலுக்கு அடியில் உருண்டால் மேனுவலும் நிற்காது, ஆட்டோமேட்டிக்கும் நிற்காது. இதை எல்லா இழையிலும் எழுதுகிறேன், யாரும் கேட்பதில்லை.

ஐந்தாம்கியர் | காட்பாடி

நிலவரம்.

பழைய வண்டிக்கு கிளட்ச் செட்டும் கேபிளும் மாற்றியாகிவிட்டது. மனைவி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது இப்படித்தான் இருந்திருக்கணுமா" என்று கேட்டாள். இனி மேனுவலுக்குச் சம்மதிப்பாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். "நல்லா இருக்கு. ஆனாலும் எனக்கு ஆட்டோமேட்டிக்தான்" என்று முடித்துவிட்டாள். மேம்பாலத்தில் இப்போது ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளம்புகிறாள், அதையும் சொல்ல வேண்டும்.

ஷோரூம்களுக்குக் குடும்பத்தோடு போனோம். நான் கியரையும் இன்ஜினையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தாழ்வான செடானில் உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது. உயரமான எஸ்.யு.வி.யில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நின்றபடி லேசாகச் சாய்ந்தாலே சீட் கிடைக்கிற மாதிரி, கதவு அகலமாகத் திறக்கிற ஒரு டால்பாய் (கூரை உயர்ந்த சின்ன கார்) வண்டியில் உட்கார்ந்ததும் இறங்க மறுத்துவிட்டார். அதோடு பட்டியல் ஒன்றாகச் சுருங்கியது. அந்த மாடலில் மேனுவலும் இருக்கிறது, ஏ.எம்.டி.யும் இருக்கிறது. ஓட்டப் போகிறவள் அவள் என்பதால் ஏ.எம்.டி. பதிவு செய்தாயிற்று. ஹில் ஹோல்டு, சீட் உயரம் மாற்றுகிற வசதி எல்லாம் பார்த்துத்தான். ஸ்டியரிங் மட்டும் அந்த மாடலில் முன்பின் வருவதில்லை. இடது கால் எட்ட வேண்டிய தேவை போய்விட்டதால் சீட்டைப் பின்னால் தள்ளியே உட்கார முடிகிறது, பரவாயில்லை என்கிறாள். சன்ரூஃப் இல்லை. மகன் பேசுவதில்லை.

ஏ.எம்.டி.யை நானும் ஓட்டிப் பார்த்தேன். கியர் மாறும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தத் தலை ஆட்டம் குறைகிறது. கற்றுக்கொள்ள இதிலும் ஏதோ இருக்கிறது என்று ஆறுதல்.

ஸ்விஃப்டை விற்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் சொன்ன விலை வாய்விட்டுச் சொல்லும்படி இல்லை. மகள் அதில் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். கிளட்ச் பழகியவள் எதையும் ஓட்டுவாள், பின்னால் ஆட்டோமேட்டிக்கே வாங்கிக்கொண்டாலும் நஷ்டமில்லை. 2027-இல் எஃப்.சி. காட்டி ஐந்து வருடம் நீட்டிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

சேண்பாக்கம்

வண்டி மகளுக்கா, உங்களுக்கா?

ஐந்தாம்கியர் | காட்பாடி

மகளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

ஆர்பிஎம்3000 | ராணிப்பேட்டை

அப்போ வருகிற ஞாயிறு ஜவ்வாது மலை? அமிர்தி பக்கம் சேர்ந்துகொள்கிறேன். ஜமுனாமரத்தூர் போய் காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடியில் இறங்கலாம். பாலாற்றுமணல் அண்ணன் டீ வாங்கித் தருவார்.

பாலாற்றுமணல் | வாணியம்பாடி

டீ என்ன, பிரியாணியே வாங்கித் தருகிறேன். ஆனால் ஆம்பூர் பெரிதா வாணியம்பாடி பெரிதா என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

ஐந்தாம்கியர் | காட்பாடி

வருகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், கிளட்ச் மாற்றியது முதல் தலை ஆடவில்லையாம். அமிர்தி வழி வேண்டாம், போளூர் வழியாக ஏறுவோம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் மேலே போய்விடலாம்.

குடியாத்தம்காரி

சீட்டைத் திரும்ப முன்னால் தள்ளி வைத்துவிட்டு இறங்குங்கள் சார். அது உங்கள் மகளுடைய வண்டி.